ஹென்லே வளைவின் தடித்த மேலேறு தூம்பு: சிறுநீரை நீர்க்கச் செய்யும் பகுதியே அதைச் செறிவாக்கவும் எப்படிக் காரணமாகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது. சிறுநீரக நுண்குழல் கொண்டை ஊசி போல வளையும் பகுதியான ஹென்லே வளைவின் மேலேறு தூம்பில், அதாவது மேல்நோக்கிச் செல்லும் குழலில், உப்பு வெளியேற்றப்படுகிறது, நீர் வெளியேறுவதில்லை, அதனால் உள்ளே ஓடும் திரவம் நீர்த்துப்போகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன; அடுத்த பக்கத்திலேயே, சிறுநீர் செறிவடைவதற்கும் இதே பகுதிதான் அடிப்படை என்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? கூடவே, சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடை உட்கொள்பவர்களுக்குச் சோடியம் மட்டுமல்லாமல் கால்சியமும் மக்னீசியமும் ஏன் சிறுநீரில் இழக்கப்படுகின்றன என்ற துணைக் கேள்வியும் உள்ளது. இவ்விரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அந்தத் தூம்பின் சுவரில்தான் இருக்கிறது.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தூம்பு செய்யும் வேலை நீர்ப்பதும் அல்ல, செறிவாக்குவதும் அல்ல. உப்பையும் நீரையும் பிரிப்பது. உப்பு சுவருக்கு வெளியே போகிறது, நீர் உள்ளேயே தங்குகிறது. உள்ளே பார்த்தால் நீர்த்த திரவம் தெரியும், வெளியே பார்த்தால் உப்புச் செறிந்த திசு தெரியும். இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். உள்ளிருக்கும் நீர்த்த திரவத்தை அப்படியே வெளியே விடுவதா, வெளியிலுள்ள உப்புத் திசுவைக் கொண்டு அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வதா என்ற முடிவு பின்னர், நுண்குழலின் கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளத்தில், வாஸோபிரஸ்ஸின் என்னும் ஹார்மோனால் எடுக்கப்படுகிறது. மற்றவையெல்லாம் இதன் விளக்கமே.

இந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதில் தொடங்குவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரை உருவாக்கும் நுண்ணிய அலகுகள், உள்ளன. கிளாமரூலஸ் என்னும் இரத்த நுண்குழாய் முடிச்சில் வடிகட்டப்பட்ட திரவம் அண்மைச் சுருள் நுண்குழலைக் கடந்து, கீழிறங்கு தூம்பின் வழியே சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலிருந்து உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்கி, கொண்டை ஊசி போல வளைந்து திரும்பி மேலேறுகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் யாகோப் ஹென்லே 1862-இல் விவரித்த வளைவு இதுதான். மனிதச் சிறுநீரகத்தில் பெரும்பாலான வளைவுகள் குட்டையானவை. அவை வெளி மெடுல்லாவிலேயே திரும்பிவிடுகின்றன. உள் மெடுல்லாவுக்குள் ஆழமாக இறங்கும் நீண்ட வளைவுகள் சிறுபான்மையே, அவற்றில் மட்டுமே மெல்லிய மேலேறு தூம்பு என்ற தனிப் பகுதி உண்டு. ஆனால் எந்த வளைவாக இருந்தாலும், வெளி மெடுல்லாவை அடைந்தபின் மேலேறும் குழலின் சுவர் திடீரெனத் தடிக்கிறது. அங்கிருந்து புறணிக்குள் ஏறி, தான் புறப்பட்ட அதே கிளாமரூலஸைத் தொடும்வரை நீள்வதே தடித்த மேலேறு தூம்பு.

நுண்ணோக்கியில் இதன் செல்கள் தம் வேலையைத் தாமே சொல்கின்றன. அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களுக்கு உள்ள அடர்ந்த தூரிகை விளிம்பு இவற்றுக்கு இல்லை. குழலின் உட்பக்கம் ஓரளவு வழவழப்பாகவே இருக்கிறது. இரத்தத்தை நோக்கிய அடிப்பக்கமோ ஆழமான மடிப்புகளாகச் செல்லுக்குள் புகுந்திருக்கிறது, அந்த மடிப்புகளுக்கு இடையில் நீண்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. பக்கத்துச் செல்கள் விரல்கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கின்றன. அடிப்பக்கத்தில் பெரும் பரப்பும், அதன் அருகிலேயே ஆற்றல் ஆலைகளும் குவிந்திருக்கும் செல், எதையோ இடைவிடாமல் இறைக்கும் செல்லாகத்தான் இருக்க வேண்டும்.

இறைக்கப்படுவது சோடியம். அடிப்பக்கச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறைவை நிரப்பக் குழலிலிருந்து சோடியம் உள்ளே வர முயல்கிறது. ஆனால் அது தனியாக வர முடியாது. உட்பக்கச் சவ்வில் இருக்கும் என்.கே.சி.சி.2 என்ற கடத்திப் புரதம், ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கும் ஒன்றாக வந்தால்தான் வழிவிடும். இரண்டு நேர்மின்னும் இரண்டு எதிர்மின்னும் சேர்ந்து நுழைவதால் இந்தக் கடத்தலால் மின் வேறுபாடு எதுவும் உண்டாவதில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குழல் திரவத்தில் சோடியமும் குளோரைடும் ஏராளம். பொட்டாசியமோ மிகக் குறைவு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பொட்டாசியம் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அது விரைவில் தீர்ந்து, கடத்தியே நின்றுவிடும். ஆகவே உள்ளே வந்த பொட்டாசியத்தில் பெரும்பகுதியை, ரோம்கே என்னும் கால்வாய் மறுபடியும் குழலுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. பொட்டாசியம் ஓர் ஓடக்காரனைப் போல அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. குளோரைடு மட்டும் அடிப்பக்கத்திலுள்ள தனிக் கால்வாய்கள் வழியே இரத்தத்தை நோக்கி வெளியேறுகிறது. அந்தக் கால்வாய்கள் இயங்கப் பார்ட்டின் என்ற துணைப் புரதம் தேவை.

இப்போது மின்னேற்றங்களை எண்ணிப் பாருங்கள். நேர்மின் கொண்ட பொட்டாசியம் குழலுக்குள் திரும்புகிறது, எதிர்மின் கொண்ட குளோரைடு இரத்தப் பக்கம் போகிறது. ஆகவே குழலின் உட்பகுதி, வெளித் திசுவை ஒப்பிட, சில மில்லிவோல்ட்டுகள் நேர்மின்னாக மாறுகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் இந்தத் தூம்பின் சிறப்புகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. நேர்மின் கொண்ட எந்த அயனியையும் அது வெளியே தள்ளும். செல்களுக்கு இடையிலுள்ள இறுகிய சந்திகளில் கிளாடின் குடும்பப் புரதங்கள் அமைத்திருக்கும் நுண்ணிய வழிகள் நேர்மின் அயனிகளுக்கு இடம் கொடுப்பவை. அவ்வழியே மேலும் சோடியமும், அத்துடன் கால்சியமும் மக்னீசியமும் செல்லுக்குள் நுழையாமலேயே வெளியேறுகின்றன. ஒரு ஏடிபி செலவில் பம்பு தள்ளுவது மூன்று சோடியம். இந்த மின்விசையால் இன்னும் மூன்று கூடுதல் செலவின்றிக் கடக்கின்றன. இயற்கையின் சிக்கனத்துக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் உடலியலில் அதிகம் கண்டதில்லை.

துணைக் கேள்வியின் விடையும் இதுவே. வடிகட்டப்படும் மக்னீசியத்தில் 60 முதல் 70 விழுக்காடும், கால்சியத்தில் 20 முதல் 25 விழுக்காடும் இங்கேதான் மீட்கப்படுகின்றன. அவற்றை நகர்த்துவது பெரும்பாலும் தனிப் பம்பு எதுவும் அல்ல, இந்த மின்வேறுபாடுதான். ஃபுரோசமைடு என்.கே.சி.சி.2-ஐ அடைத்தவுடன் பொட்டாசியத்தின் போக்குவரத்து நிற்கிறது; மின்வேறுபாடு மறைகிறது; கால்சியமும் மக்னீசியமும் தள்ளுவாரின்றிக் குழலிலேயே தங்கிச் சிறுநீரோடு போகின்றன. இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்தவர்களுக்கு, உடலின் நீர்ச்சத்தை ஈடுசெய்தபின், இந்த மருந்து சில சூழல்களில் கொடுக்கப்படுவதற்கும் இதுவே அடிப்படை. கிளாடின்-16 அல்லது கிளாடின்-19 மரபணுவில் பிறவிக் குறை இருந்தால் சோடியக் கடத்தல் ஓரளவு சரியாக இருக்கும்போதே மக்னீசியமும் கால்சியமும் இழக்கப்பட்டுச் சிறுநீரகத்தில் கால்சியம் படிகிறது. வாயில்கள் வேறு, மின்விசை வேறு என்பதை இந்த அரிய நோய் பிரித்துக் காட்டுகிறது.

மின்வேறுபாடு பற்றிய அறிவு வந்த வழி சுவையானது. ஆய்வாளர் மாரிஸ் பர்க் 1960-களில் முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒற்றை நுண்குழலைப் பிரித்தெடுத்து, கண்ணாடி நுண்குழாயால் அதன் உள்ளே திரவம் செலுத்தி ஆராயும் முறையை உருவாக்கினார். 1973-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்தத் தூம்பை அப்படி ஆராய்ந்தபோது, உட்பக்கம் நேர்மின்னாக இருப்பதைக் கண்டு, இங்கே இறைக்கப்படுவது சோடியம் அல்ல, குளோரைடுதான் என்று முடிவு செய்தன. அளவீடு சரியானது, விளக்கம் முழுமையானதல்ல. 1980-களின் தொடக்கத்தில் ரெய்னர் கிரெகரும் உடன் ஆய்வாளர்களும் மூன்று அயனிகளும் சேர்ந்து நுழைவதைக் காட்டியபிறகே, சோடியம் பம்பே உண்மையான இயந்திரம், குளோரைடு அதன் தோளில் பயணம் செய்கிறது என்பது தெளிவானது.

இனி நீர். உடலின் பெரும்பாலான சவ்வுகளில் உப்பு நகர்ந்தால் நீர் பின்தொடரும். அண்மைச் சுருள் நுண்குழல் இதற்கு நல்ல சான்று: அது வடிதிரவத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டெடுத்தும், எஞ்சும் திரவத்தின் செறிவு மாறுவதே இல்லை, ஏனெனில் அக்குவாபோரின்-1 என்ற நீர்க்கால்வாய்கள் வழியே நீரும் உடனுக்குடன் போய்விடுகிறது. தடித்த மேலேறு தூம்பின் உட்பக்கச் சவ்வில் அக்குவாபோரின் எதுவும் இல்லை. செல்களுக்கு இடையிலான சந்திகளும் நீரை விடுவதில்லை. ஆகவே உப்பு போகப் போக, உள்ளே எஞ்சுவது மேலும் மேலும் நீர்த்த திரவம். தூம்பின் முடிவை எட்டும்போது அதன் செறிவு கிலோவுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி ஆஸ்மோல் (கரைந்துள்ள துகள்களின் அளவைக் குறிக்கும் அலகு) வரை இறங்கிவிடுகிறது. இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 290. நாளொன்றுக்கு வடிகட்டப்படும் 180 லிட்டர் திரவத்திலுள்ள சோடியத்தைச் சோடியம் குளோரைடாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதில் கால் பங்கை, அதாவது 350 கிராமுக்கும் மேலான உப்பை, தலைமுடியைவிட மெல்லிய இந்தக் குழல்கள் நாள்தோறும் நீரிலிருந்து பிரித்தெடுக்கின்றன.

பிரித்தெடுத்த உப்பு என்னவாகிறது என்பதே முதல் கேள்வியின் மையம். தூம்பின் சுவர் ஒரே மட்டத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏறத்தாழ 200 மில்லி ஆஸ்மோல் வேறுபாட்டை மட்டுமே நிலைநிறுத்த வல்லது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மெடுல்லாவின் நுனியில் 1200 என்ற செறிவை எட்ட முடியாது. வளைவின் வடிவம்தான் அதைப் பெருக்குகிறது. எல்லா இடத்திலும் செறிவு 300 என்று வைத்துக்கொள்வோம். மேலேறு தூம்பு உப்பை இறைக்க, உள்ளே 200, வெளித் திசுவில் 400 ஆகிறது. பக்கத்தில் எதிர்த்திசையில் இறங்கும் கீழிறங்கு தூம்பு நீரைத் தாராளமாக விடக்கூடியது. அது நீரை இழந்து 400-க்கு வருகிறது. பின்னால் வரும் புதிய திரவம், அந்த 400 செறிவுள்ள திரவத்தை வளைவைச் சுற்றித் தள்ளி மேலேறு தூம்பின் அடியில் கொண்டுவந்து விடுகிறது. இப்போது தூம்பு தன் பணியை 300-இலிருந்து அல்ல, 400-இலிருந்து தொடங்குகிறது: உள்ளே 300, வெளியே 500. இது ஓயாமல் நடக்க நடக்க, ஆழத்துக்கு ஆழம் செறிவு கூடிக்கொண்டே போகிறது. எண்கள் விளக்கத்துக்காகப் படிப்படியாகச் சொல்லப்பட்டவை. உடலில் இறைப்பும் ஓட்டமும் ஒருசேர நிகழ்கின்றன.

இந்த எதிரோட்டப் பெருக்கத்தை முதலில் ஊகித்தவர் உடலியலாளர் அல்லர், வெர்னர் குன் என்ற இயல்வேதியியலாளர். பாசெல் நகரில் 1951-இல் விர்ஸ், ஹர்கிடாய், குன் ஆகிய மூவரும் எலிச் சிறுநீரகத்தின் உறைந்த மெல்லிய சீவல்களில் பனிப்படிகங்கள் உருகும் வெப்பநிலையைப் பார்த்து, புறணியிலிருந்து நுனியை நோக்கிச் செறிவு படிப்படியாக உயர்வதைக் காட்டினார்கள். கோட்ஷாக், மில்லி ஆகிய இருவரும் 1959-இல் நுண்குழல்களை ஊசியால் துளைத்துத் திரவம் எடுத்து, வளைவின் நுனியில் திரவம் செறிந்தும், அதே குழல் புறணிக்குத் திரும்பியபின் நீர்த்தும் இருப்பதை அளந்து காட்டியதும் இக்கருத்துக்கு இருந்த எதிர்ப்பு அடங்கியது. இறுதிச் சிறுநீர் செறிவாக இருக்கும்போதுகூட இந்தத் தூம்பை விட்டு வெளிவரும் திரவம் நீர்த்தே இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி. உள் மெடுல்லாவில் தடித்த தூம்பு இல்லை, அங்குள்ள மெல்லிய தூம்பு ஆற்றல் செலவழித்து உப்பை இறைப்பதில்லை. யூரியா அங்கே பெரும் பங்கு வகிக்கிறது. அந்த ஆழத்தில் செறிவு உயரும் விதம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. வெளி மெடுல்லாவைப் பொறுத்தவரை ஐயமில்லை.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் இங்கே உண்டு. திரவம் நீர்ப்பது, செறிவாக்கலுக்கு எதிரானது அல்ல, அதன் முதற்படி. வாஸோபிரஸ்ஸின் சுரந்திருக்கும்போது, 100 செறிவில் புறணிக்கு வரும் திரவம் அங்குள்ள சேகரிப்பு நாளத்தில் அக்குவாபோரின்-2 வழியே நீரை இழந்து 300-க்கு வருகிறது. இந்த ஒரு படியிலேயே அதன் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த நீரைப் புறணியின் பெருகிய இரத்த ஓட்டம் உடனே கொண்டுபோய்விடுகிறது. மெடுல்லாவுக்குள் இறங்குவது சிறு அளவு திரவமே என்பதால், பாடுபட்டுச் சேர்த்த உப்புச் செறிவு நீரால் கரைந்துபோகாமல் காக்கப்படுகிறது. வாஸோபிரஸ்ஸின் இல்லாதபோதோ நீர் வெளியேற வழியில்லை. மேலும் சிறிது உப்பு எடுக்கப்பட்டு, 50 வரை நீர்த்த சிறுநீர் வெளியேறுகிறது. ஒரு நாளில் 600 மில்லி ஆஸ்மோல் கழிவுகளை வெளியேற்ற வேண்டிய ஒருவர், 1200 செறிவில் அரை லிட்டரிலும், 50 செறிவில் 12 லிட்டரிலும் அதே கழிவை வெளியேற்றலாம். தடித்த தூம்பு இல்லையென்றால் எவ்வளவு நீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் 300-ஐ ஒட்டியே நின்று, நாள்தோறும் 2 லிட்டர் கட்டாயமாக வெளியேறும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. ஃபுரோசமைடு போதிய அளவில் வேலை செய்யும்போது சிறுநீரின் செறிவு இரத்தத்தின் செறிவை நெருங்குகிறது. நீர்க்கும் திறனும் செறிவாக்கும் திறனும் ஒருசேரப் போகின்றன. தயாசைடு என்னும் வேறு வகைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளை இதனோடு ஒப்பிட்டால் தூம்பின் பங்கு இன்னும் தெளிவாகும். அவை புறணியிலுள்ள சேய்மைச் சுருள் நுண்குழலில் உப்பு மீட்பைத் தடுக்கின்றன. அங்கும் திரவம் நீர்க்கப்படுகிறது, ஆனால் அங்கு எடுக்கப்படும் உப்பு மெடுல்லாவுக்குப் போவதில்லை. ஆகவே தயாசைடு நீர்க்கும் திறனை மட்டும் குறைக்கிறது, செறிவாக்கும் திறனைத் தொடுவதில்லை. இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறிக் குறையும் சிக்கல் ஃபுரோசமைடைவிடத் தயாசைடு உட்கொள்பவர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பிறவியிலேயே ஃபுரோசமைடு உட்கொண்டதுபோல வாழ்பவர்களும் உண்டு. ஃபிரெடெரிக் பார்ட்டர் 1962-இல் விவரித்த நோய்த்தொகுதி அது. நான் மேலே சொன்ன புரதங்களின் பட்டியலே அந்நோயின் வகைகளின் பட்டியலாக இருக்கிறது: என்.கே.சி.சி.2, ரோம்கே, குளோரைடு கால்வாய், பார்ட்டின். உள்காதிலும் பார்ட்டின் தேவைப்படுவதால் அந்த வகையில் குழந்தைக்குச் செவித்திறனும் இருப்பதில்லை. இந்நோயின் கடுமையான வகைகளில், கருவிலிருக்கும்போதே குழந்தை மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதால் பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேர்கிறது.

இவ்வளவு வேலைக்கும் ஒரு விலை உண்டு. சிறுநீரகங்களுக்கு வரும் இரத்தத்தில் மிகப் பெரும்பகுதி புறணிக்கே போகிறது. மெடுல்லாவுக்குக் குறைவாகவே கிடைக்கிறது, கிடைத்தாக வேண்டியதும் குறைவாகவே, ஏனெனில் வேகமாக ஓடும் இரத்தம் உப்புச் செறிவை அடித்துக்கொண்டு போய்விடும். இதனால் வெளி மெடுல்லாவின் ஆக்சிஜன் அழுத்தம் 10 முதல் 20 மி.மீ. பாதரசம் என்ற அளவிலேயே இருக்கிறது. உடலின் கடுமையான உழைப்பாளிகளில் ஒன்றான இந்தச் செல், மூச்சுமுட்டும் விளிம்பிலேயே உழைக்கிறது. இரத்த அழுத்தம் வீழும்போது சிறுநீரகத்தில் முதலில் காயப்படும் இடங்களில் வெளி மெடுல்லா ஒன்றாக இருப்பது இதனால்தான். ஃபுரோசமைடு செலுத்தி இறைப்பை நிறுத்தியதும் மெடுல்லாவின் ஆக்சிஜன் உயர்வதை மனிதர்களிடம் காந்த அதிர்வுப் படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதனால் சிறுநீரகச் செயலிழப்பைத் தடுக்கலாம் என்று ஃபுரோசமைடைக் கொடுத்துப் பார்த்த சிகிச்சை ஆய்வுகள் பலன் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் செல்கள் யூரோமாடுலின் என்ற புரதத்தையும் சுரக்கின்றன. 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் ஆகியோர் விவரித்த இது, நலமான ஒருவரின் சிறுநீரில் மிகுதியாக உள்ள புரதம், ஈ. கோலை கிருமியின் பற்றிழைகளைப் பிடித்துக்கொண்டு, அது சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டாமல் தடுக்க உதவுகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும் கண்ணாடி போன்ற வார்ப்புருளைகள் (நுண்குழலின் வடிவில் உறைந்த உருளைகள்) இப்புரதத்தாலேயே ஆனவை.

தூம்பு தன் கிளாமரூலஸைத் தொடும் இடத்தில், சுவரின் ஒரு பக்கத்தில் நெருக்கமாக நிற்கும் செல்களின் திட்டு ஒன்று இருக்கிறது. மேக்குலா டென்சா என்பது அதன் பெயர். இவற்றிலும் அதே என்.கே.சி.சி.2 உண்டு, ஆனால் இங்கே அது உப்பை அளக்கும் கருவியாகப் பயன்படுகிறது. உப்பு மிகுதியாக வந்தால், மேலே வேலை முடியாமலே திரவம் விரைந்து வந்துவிட்டது என்று பொருள். உடனே உள்வரும் நுண்தமனி சுருங்கி வடிகட்டல் குறைகிறது. உப்பு குறைவாக வந்தால், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் வினைத்தொடரைத் தொடங்கிவைக்கும் ரெனின் சுரக்கிறது. ஃபுரோசமைடு இந்த அளவுகோலையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. குழலில் உப்பு வெள்ளமாக ஓடும்போதும் மேக்குலா டென்சா அதை உணர்வதில்லை. உப்பே வரவில்லை என்று கருதி ரெனினைத் தூண்டுகிறது, வடிகட்டலையும் குறைக்காமல் விடுகிறது. நீரிழப்பு ஏற்படும் முன்பே, மருந்து கொடுத்த சில நிமிடங்களில் ரெனின் உயர்வதற்குக் காரணம் இதுதான்.